தேவகி மேடத்தின் ஏழு மேற்கோள்கள்

கயல், இளங்கோ இருவருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை கயல் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவளுடைய ஆராய்ச்சிக் கட்டுரையை வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் கட்டுரையில் எடுத்துக் காட்டியிருக்கிறாராம். அதற்கு சைட்டேஷன் என்று பேராம். "உனக்கு இதெல்லாம் புரியாதுப்பா, சும்மா சந்தோஷப்படு" என்று கீழே எழுதியிருந்தாள். சந்தோஷப்பட்டேன். அதற்குள் இளங்கோ, "அப்பா லைப்ரரில புக்கு அடுக்கிக்கினு இருந்தவரு, அவருக்கு இன்னா தெரியும்?" என்று உங்கள் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குக் காது இன்னும் நன்றாகத்தான் கேட்கிறது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் அப்பா புத்தகம் அடுக்கினான் என்பது உண்மைதான். ஆனால் கடைசி ஒன்பது வருடம் அவன் பார்த்த வேலை வேறு. திண்டிவனத்தில் அந்தக் கல்லூரியில் எந்த வாத்தியார் எத்தனை கட்டுரை எழுதினார், அதை எத்தனை பேர் எடுத்துச் சொன்னார்கள் என்று எண்ணிக் கொடுப்பது. பன்னிரண்டாம் வகுப்பு படித்தவன், டாக்டர் பட்டம் வாங்கியவர்களை அளந்துகொண்டிருந்தேன். சிரிக்கிற விஷயம்தான். நானும் நிறைய சிரித்திருக்கிறேன். ஒரு இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வராது. அந்த இடத்தைச் சொல்லத்தான் மற்றதையெல்லாம் சொல்லப் போகிறேன்.

விழுப்புரத்தில் பிளஸ் டூ முடித்தேன். ஆறு மாதம் நூலகச் சான்றிதழ் படித்தேன். கல்லூரியில் அட்டெண்டராகச் சேர்ந்து, பல வருடம் தூசு தட்டி, பின் நூலக உதவியாளர் ஆனேன். தினமும் காலையில் விழுப்புரத்தில் ரயில் ஏறித் திண்டிவனத்தில் இறங்குவேன். சாயங்காலம் திண்டிவனத்தில் ஏறி விழுப்புரத்தில் இறங்குவேன். இருபது வருடக் கதை இவ்வளவுதான்.

பிறகு தர மதிப்பீடு வந்தது. வெளியூரிலிருந்து குழு வரும், கல்லூரிக்கு மார்க் போடும், வாத்தியார்கள் எழுதிய கட்டுரைக்கெல்லாம் கணக்குக் கேட்கும் என்றார்கள். முதல்வர் அந்த வேலையை நூலகத்துக்குத் தள்ளினார். எங்கள் நூலகர் அருளப்பன் சார் அதை என் பக்கம் தள்ளினார். என் பக்கத்தில் தள்ளுவதற்கு யாருமில்லை, சுவர்தான் இருந்தது.

அருளப்பன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எந்தத் தாளைப் படித்தாலும் வரிக்குக் கீழே ஒரு இரும்பு ஸ்கேலை வைத்து, அதை இறக்கி இறக்கித்தான் படிப்பார். சட்டைப் பையில் மூன்று பேனா. நீலம் எழுத, சிவப்பு திருத்த. மூன்றாவது பச்சை. பச்சை மையில் கையெழுத்துப் போடும் பதவி அவருக்கு இல்லை. ஆனாலும் தினம் காலையில் அதைத் திறந்து, மை காயாமல் இருக்கிறதா என்று ஒரு கோடு போட்டுப் பார்த்துவிட்டு மூடி வைப்பார். யாரையும் "முடியாது" என்று சொல்ல மாட்டார். "பாக்கலாம்" என்பார். சொல்லிவிட்டு அந்தத் தாளை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிடுவார். கண்ணாடிக்கு அடியில் போன தாள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

அவர் அடிக்கடி கேட்பது ஒரே ஒரு கேள்வி. "ஆதாரம் இருக்கா?"

ஒருநாள், "சார், மழை வந்துடுச்சி, ஜன்னலைச் சாத்தவா?" என்றேன். அவர் எழுந்து போய், கையை வெளியே நீட்டி, நனைந்த கையைப் பார்த்துவிட்டு, "சாத்துய்யா" என்றார். இவ்வளவு சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

வேலை இப்படி. வாத்தியார் ஒரு படிவம் நிரப்பித் தருவார். அதில் ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பு, வெளிவந்த இதழ், மாதம், பக்கம் எல்லாம் இருக்கும். அந்த இதழ் அங்கீகரிக்கப்பட்ட இதழ்களின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் முதல் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, வலது மூலையில் 'சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரையைக் குத்துவேன். பட்டியலில் இல்லையென்றால் அந்தக் கட்டுரையை உலகத்தில் யாரும் எழுதவே இல்லை என்று அர்த்தம். அதன் பிறகு கம்ப்யூட்டரில் வாத்தியார் பேரைத் தட்டுவேன். அவரை எத்தனை பேர் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு எண் வரும். அதை அச்செடுத்துப் பின்னால் இணைத்தால் முடிந்தது.

அதிலிருந்து எச்-இண்டெக்ஸ் என்று இன்னொரு எண்ணும் எடுக்க வேண்டும். கயலுக்குத் தெரிந்திருக்கும், இளங்கோவுக்காகச் சொல்கிறேன். ஒருவருடைய கட்டுரைகளை, அதிகம் எடுத்துச் சொல்லப்பட்டது முதலில் என்று வரிசையாக நிறுத்து. மேலிருந்து எண்ணிக்கொண்டு வா. நாலாவது கட்டுரையை நாலு பேராவது சொல்லியிருக்கிறார்களா? சரி. ஐந்தாவதை ஐந்து பேர் சொல்லியிருக்கிறார்களா? இல்லை, மூன்று பேர்தான். அப்படியென்றால் அந்த மனிதர் நாலு. கண் கெட, முதுகு வலிக்க முப்பது வருடம் படித்த மனிதர், நாலு. அதை நான் டைப் அடித்துக் கொடுப்பேன்.

முதல் வருடமே எனக்குப் பெரிய பேர் கிடைத்தது. விலங்கியல் துறையில் செந்தில்குமார் என்று ஒரு இளம் வாத்தியார். அதே கல்லூரியில் படித்து, அதே துறைக்கு வேலைக்கு வந்தவர். மரியாதையான பிள்ளை. என்னை "மாணிக்கண்ணே" என்றுதான் கூப்பிடுவார். இனிஷியலோடு அவர் பேரைத் தட்டினேன். ஆயிரத்தைத் தாண்டி ஒரு எண் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினேன். அதே எண். அச்செடுத்து, முத்திரை குத்தி, அருளப்பன் சாரிடம் கொடுத்தேன். அவர் ஸ்கேலை அந்த எண்ணுக்குக் கீழே வைத்து வெகு நேரம் பார்த்தார். "ஆதாரம் இருக்குதே" என்றார்.

கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். 'உலகே வியக்கும் விஞ்ஞானி' என்று போட்டு, செந்தில்குமார் கோட்டு போட்டு நிற்கிற படம். அந்தக் கோட்டு அவருடையது இல்லை, கல்யாண ஸ்டுடியோவில் கொடுத்தது. அதன் முன்னால் நின்று பையன்கள் செல்ஃபி எடுத்தார்கள். நானும் ரயிலுக்குப் போகும்போது நின்று பார்த்தேன். அந்த எண்ணை எண்ணியவன் நான்தானே.

அடுத்த வருடம் விலங்கியல் துறைத் தலைவர் பதவி காலியானது. இருக்கிறது ஒரே இடம். அதற்கு இரண்டு பேர் மனுப் போட்டார்கள். ஒருவர் செந்தில்குமார். இன்னொருவர் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த தேவகி மேடம்.

தேவகி மேடத்துக்கு ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருந்தது. இதற்கு முன் இரண்டு தடவை அந்தப் பதவி அவரைத் தாண்டிப் போயிருந்தது. ஆங்கிலத்தில் அவர் எழுதியது இரண்டே கட்டுரை, அதுவும் டாக்டர் பட்டத்துக்காக. மற்றதெல்லாம் தமிழ். சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு விவசாய மாத இதழில் மாதம் ஒரு பக்கம் என்று பல வருடம் அறிவியல் எழுதினார். ஏரியில் மீன் ஏன் திடீரென்று செத்து மிதக்கிறது, கொல்லையில் தவளை குறைந்தால் என்ன ஆகும், இப்படி. முக்கியமாக மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில், விழுகிற கம்பளிப்புழுவைப் பற்றி. அனந்தபுரம் பக்கம் ஒரு மல்லாட்டைக் கொல்லையில், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே பல்பு கட்டித் தொங்கவிட்டு, கோடை மழை பெய்து எத்தனையாவது நாள் அந்தப் புழுவின் தாய் அந்துப்பூச்சி மண்ணை விட்டு வெளியே வருகிறது, எத்தனை வருகிறது என்று வருடா வருடம் எண்ணிக்கொண்டிருந்தார். அவரும் என்னைப் போல எண்ணுகிறவர்தான்.

மனுப் போட்ட வாரம் இரண்டு கட்டைப்பை நிறையத் தாள்களைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்கு வந்தார்.

"மாணிக்கம், இதெல்லாம் எண்ணுங்க. நான் எண்ணினப்போ நூத்தி எண்பத்தாறு. குறைஞ்சா நான் பொறுப்பில்ல, கரையான் பொறுப்பு."

"மேடம், இந்தப் புஸ்தகம் பட்டியல்ல இல்லீங்களே."

"புஸ்தகமே நின்னு போச்சி. பட்டியல்ல எங்கேர்ந்து இருக்கும்?"

"அப்ப எதுவும் கணக்குல வராதுங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்கு நாற்காலி ஆசை இல்லங்க மாணிக்கம். எனக்கு அப்புறம் அந்தப் பூச்சிய எண்ண ஆள் வேணும். நான் ஹெட்டா இருந்தா பசங்களுக்கு ப்ராஜெக்ட்டா அத வெச்சிருவேன். வருஷத்துக்கு நாலு பேரு போயி எண்ணிக்கினு வருவாங்க. இல்லன்னா நான் ரிட்டயர் ஆன அன்னிக்கி அந்த பல்பக் கழட்டிருவாங்க. அவ்ளோதான் விஷயம்."

விஷயம் எனக்குப் புரிந்தது. நூற்று எண்பத்தாறு கட்டுரையையும் ஜெராக்ஸ் எடுத்தேன். எண்ணிக்கை சரியாகவே இருந்தது, கரையான் நேர்மையாக நடந்துகொண்டிருந்தது. முத்திரை குத்த முடியாது என்றாலும் பின்னிணைப்பாக வைக்கலாம் என்று நினைத்தேன். கடைசியில் அவர் பேரைக் கம்ப்யூட்டரில் தட்டினேன். ஏழு என்று வந்தது.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். பூச்சியம் இல்லையே. மறுநாள் அவர் வந்ததும் அச்சுத்தாளை நீட்டினேன். "மேடம், ஏழு பேரு உங்கள எடுத்துச் சொல்லியிருக்காங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பல்லுக்கு வேர் சிகிச்சை பண்றத பத்தி நான் எப்போ மாணிக்கம் எழுதினேன்?"

"தெரியலீங்களே."

"கம்பளிப்புழுவுக்குக் கடவாப் பல்லு இருக்குதான்னா தேடினீங்க?" என்று சிரித்தார். "இது வேற யாரோ தேவகிங்க. பல் டாக்டர் போல இருக்கு. பாவம், அவங்க சம்பாதிச்சது." என் மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்து, ஏழையும் அடித்து, பக்கத்தில் பூச்சியம் போட்டுச் சுழித்து, சுருக்கக் கையெழுத்தும் போட்டார்.

"மேடம், கமிட்டிக்காரங்க அவ்ளோ உள்ள பூந்து பாக்க மாட்டாங்க."

"நான் பாத்துட்டேனே."

அவர் போன பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நம் ஊரில் குடும்பப் பேர் கிடையாது. அப்பா பேரின் முதல் எழுத்து, நம் பேர், அவ்வளவுதான். திண்டிவனம் பஸ்ஸில் ஏறி "செந்தில்குமாரு" என்று கூப்பிட்டால் மூன்று பேராவது திரும்புவார்கள். கண்டக்டரும் திரும்பலாம். பீரோவைத் திறந்து, போன வருடம் நான் முத்திரை குத்திய செந்தில்குமாரின் தாளை எடுத்தேன். அன்று நான் அடியில் இருந்த எண்ணை மட்டும்தான் பார்த்திருந்தேன். இப்போது கட்டுரைகளின் பேரைப் படித்தேன். சிமெண்டுக் கலவை ஒன்று, இதய அறுவை ஒன்று, காற்றாலை ஒன்று. அதில் ஒரு கட்டுரை வெளிவந்த வருடம் எங்கள் செந்தில்குமார் மூன்றாம் வகுப்பு.

தவறு என்னுடையது. வேறு யார் தலையிலும் போட முடியாது. அருளப்பன் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கினார். காற்றாலை வரைக்கும் வந்து நிறுத்தினார்.

"இதுல முத்திர யாருது?"

"நம்மளுது சார். நான்தான் குத்தினேன்."

"வாசல்ல ஃப்ளெக்ஸ் வேற வெச்சிட்டானுங்களேய்யா."

"தப்புத்தான் சார். திருத்திடறேன்."

கண்ணாடிக்கு அடியில் செருகிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் செருகவில்லை. "சேக்கறதுக்கு ஆதாரம் கேட்டேன் இல்ல? எடுக்கறதுக்கும் ஆதாரம் வேணும். ஒவ்வொரு கட்டுரையும் இந்த ஆளு எழுதலன்னு காட்டு. அப்புறம் எடு" என்றார்.

எட்டு நாள் அந்த வேலை பார்த்தேன். உலகத்தில் எந்த நூலக உதவியாளனும் பார்த்திருக்க மாட்டான். எங்கள் செந்தில்குமார் இதய அறுவை செய்யவில்லை, அணை கட்டவில்லை, காற்றாலை நிறுவவில்லை என்று ஒவ்வொன்றாக நிரூபித்தேன். முடிவில் அவருக்கென்று உண்மையாக மிஞ்சியது பதினாறு. ஒரு ராத்திரி மழையில் ஃப்ளெக்ஸ் கிழிந்துவிட்டதாகச் சொல்லிக் கழற்றிவிட்டார்கள். அந்த வாரம் மழையே இல்லை. அதற்கு மட்டும் அருளப்பன் சார் ஆதாரம் கேட்கவில்லை.

செந்தில்குமாருக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். அவர் சிரித்தார். "எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சிண்ணே. ஆனா லைப்ரரி சீல் இருக்குதேன்னு விட்டுட்டேன்."

இனி பதினாறுக்கும் பூச்சியத்துக்கும் போட்டி.

இந்தச் சமயத்தில்தான் பனமலையிலிருந்து பலராமன் என்று ஒரு விவசாயி வந்தார். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். அதற்குள் நாலைந்து கம்பளிப்புழு.

"பூச்சி மேடம் இருக்காங்களாங்க?"

"கிளாஸ்ல இருக்காங்க. பாட்டில மேஜ மேல வெக்காதீங்க, எங்க சார் பாத்தா பேஜாரு."

"மூடி போட்டுத்தாங்க இருக்குது. மழ பேஞ்சிது, அந்து கெளம்பிருச்சி, அதான் கேட்டுக்கினு போலாம்னு வந்தேன். அவங்க எழுதினதப் பாத்துத்தான் நாங்க ஊரே கொல்லையச் சுத்தி வாய்க்கா வெட்றோம். புழு தாண்டி வர முடியல. உரக்கடையில ஜெராக்ஸ் போட்டு ஒட்டி வெச்சிக்கினு இருக்காங்க."

எனக்குள் ஒரு பல்பு எரிந்தது. "அந்த ஜெராக்ஸ்ல மேடம் பேரு இருக்குதா?"

"பேரு எங்கங்க? பேரு மேலதான் கடக்காரரு ஸ்டாக் இல்லன்னு எழுதி ஒட்டிட்டாரே."

"நீங்க சொன்னத அப்படியே எழுதிக் குடுப்பீங்களா?"

"ஜல்தியா சொல்லுங்க, அஞ்சு மணி பஸ்ஸு போயிரும்."

அழகாக ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஓடிப்போய் அருளப்பன் சாரிடம் கொடுத்தேன். ஸ்கேல் இறங்கியது.

"இந்த பலராமன் எந்த ஜர்னல்ல எழுதறாரு?"

"விவசாயம் பண்றாரு சார்."

"அப்ப இது சைட்டேஷன் இல்லய்யா. நன்னடத்தைச் சான்றிதழ்." தாள் கண்ணாடிக்கு அடியில் போனது.

கடைசியாக ஒரு வழி செய்து பார்த்தேன். செந்தில்குமாரின் பதினாறில் பதினொன்று ஒரே கட்டுரைக்கு வந்தது. அந்த ஆங்கில இதழ் எங்கள் நூலகத்துக்குச் சந்தாவில் வந்தது, பைண்டு செய்து அலமாரியில் இருந்தது. எடுத்து விரித்தேன். ஆங்கிலம் எனக்குத் தத்தக்கா பித்தக்காதான். ஆனால் நடுவில் ஒரு அட்டவணை இருந்தது. எட்டு வருடம், மழைக்குப் பிறகு எத்தனையாவது நாள், எத்தனை அந்துப்பூச்சி. எண்ணைப் படிக்க ஆங்கிலம் எதற்கு? அந்த எண்களை நான் இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் ஜெராக்ஸ் எடுத்திருந்தேன். தேவகி மேடத்தின் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். வரிக்கு வரி ஒன்று. கட்டுரையின் முடிவில் ஆதார நூல்கள் என்று இருபத்து மூன்று பேர் வரிசையாக இருந்தார்கள். தேவகி மேடம் இல்லை.

செந்தில்குமாரைத் தேடிப் போனேன். ஆய்வகத்தில் தனியாக இருந்தார். இரண்டு தாளையும் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது. அவர் நல்ல மனிதர், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"மொதல்ல மேடம் பேரு போட்டுத்தான் அனுப்பினேன் மாணிக்கண்ணே. தமிழ்ப் பத்திரிகைய ரெஃபரன்ஸா ஒத்துக்க மாட்டோம், எடுத்துடுங்கன்னு எழுதினாங்க. எடுத்துட்டேன்."

"பேர எடுத்தீங்க. அட்டவணைய எடுக்கலியே சார்."

அவர் குழாயைத் திறந்து கை கழுவினார். வெகு நேரம் கழுவினார்.

"இப்ப நான் இன்னா பண்ணணும்ண்ணே?"

"ஒரு லெட்டர் குடுங்க சார். இந்தக் கணக்கு அவங்க எண்ணினதுன்னு. கமிட்டி முன்னால வெக்கறேன்."

நான் கேட்டது கொஞ்சமான விஷயம் இல்லை. அவரும் அதே பதவிக்கு நிற்கிறவர். தருகிறேன் என்பார், தர மாட்டார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை நான் கதவைத் திறக்கும்போது கடிதத்தோடு நின்றார். அட்டவணையும் வாய்க்கால் வெட்டும் முறையும் என் ஆசிரியை தேவகி அவர்களுடையவை, அவரிடமிருந்தே கற்றேன் என்று சுத்தமாக எழுதி, கையெழுத்துப் போட்டிருந்தார். அருளப்பன் சார் ஸ்கேலை மூன்று தடவை இறக்கிப் படித்தார். "இது ஆதாரம்" என்றார். அன்று வரை எந்த வாத்தியாரையும் பார்த்து அவர் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. அன்று எழுந்து நின்று செந்தில்குமாருக்குக் கை கொடுத்தார்.

துறைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் குழு வந்தது. வெளியிலிருந்து மூன்று பேர். கோப்பு எடுத்துக் கொடுக்க என்னை ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். தேவகி மேடத்தின் நூற்று எண்பத்தாறு கட்டுரையைக் குழுத் தலைவர் புரட்டிப் பார்த்தார். "ரொம்ப நல்ல தொண்டு மேடம். சமூக சேவைன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல போட்டுக்கலாம்" என்றார். அந்தக் கட்டத்துக்கு மார்க் கிடையாது. அடுத்து செந்தில்குமாரின் கோப்பு. கடிதத்தை நான் எடுத்து மேலே வைத்தேன், கண்ணில் படட்டும் என்று.

தலைவர் படித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவரும் படித்தார். நான் ஸ்டூலின் நுனிக்கு வந்துவிட்டேன்.

"இந்தக் காலத்துல யாரு சார் குருவ ஒத்துக்கறாங்க?" என்றார் தலைவர். "எவ்வளவு பெருந்தன்மை பாருங்க. இந்த மாதிரி ஆளுதான் துறைக்குத் தலைவரா இருக்கணும்."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். கடிதத்தைக் கோப்பில் பத்திரமாக வைத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. செந்தில்குமார்தான் துறைத் தலைவர். தேவகி மேடம் அவருக்கு முதல் ஆளாகப் பூங்கொத்து கொடுத்தார். பிறகு ஒருநாள் நூலகத்துக்கு வந்து, எடுத்திருந்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தார். நான் தேதி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"செந்தில்கிட்ட பேசினேன் மாணிக்கம். பூச்சி எண்றத பசங்களுக்கு ப்ராஜெக்ட்டா குடுப்பான்னு பாத்தேன்."

"இன்னா சொன்னாருங்க?"

"'அந்த டேட்டாதான் ஏற்கெனவே பப்ளிஷ் ஆயிடுச்சே மேடம், புதுசா ஏதாவது பண்ணலாமே'ன்னான்." சிரித்தார். எப்போதும் சிரிப்பதுபோலத்தான் சிரித்தார். புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நேராக வைத்தார். கட்டைப்பையை மடித்துக்கொண்டு கதவு வரைக்கும் போனவர் திரும்பினார்.

"மாணிக்கம், அந்த ஏழ நான் அடிச்சிருக்கக் கூடாதோ?"

சிரிப்பு வராது என்று முதலில் சொன்னேனே, அந்த இடம் இதுதான். "டீ சொல்லட்டுங்களா மேடம்?" என்றேன். வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை ஐந்து மணிக்கு அருளப்பன் சார் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மின்விசிறிகளை நிறுத்தினேன். ஜன்னல்களைச் சாத்தினேன். புத்தகத்தில் ஒரு சின்னக் கோடு போட்டாலும் அபராதம் போட்டுப் பையன்களை அழ வைத்தவன் நான். கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு, அலமாரியிலிருந்து அந்த ஆங்கில இதழின் பைண்டை எடுத்து, செந்தில்குமாரின் கட்டுரையைக் கடைசிப் பக்கத்துக்கு விரித்தேன். இருபத்து மூன்று பேருக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. நீல மையில், இருபத்து நாலு என்று எண் போட்டு, தேவகி மேடத்தின் பேர், கட்டுரைத் தலைப்பு, தமிழ் இதழின் பேர், மாதம், வருடம், பக்கம் எல்லாவற்றையும் படிவத்தில் கேட்கிற வரிசையிலேயே எழுதினேன். மை காயும் வரை ஊதினேன். பிறகு பைண்டை அதன் எண்ணுக்குரிய இடத்தில் செருகிவிட்டு ரயிலுக்குப் போனேன்.